நேட்டால் போன கொள்ளுத் தாத்தா

கேள்வி: வட ஆற்காட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன என் கொள்ளுத் தாத்தா முனுசாமி ஊர் திரும்பவே இல்லை. அவர் வாழ்ந்த விதத்தையும் அடக்கமான இடத்தையும் அறிய வழி உண்டா? - வாசகர், வேலூர்

பதில்: உண்டு; ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் களைத்துப்போவீர்கள். 1860 நவம்பரில் தொழிலாளரை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை அங்கு இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டு, தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் இருந்த தழும்பு ஆகியவை கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி அங்கே 'மூன்சாமி' ஆகியிருக்கலாம். ஆகவே கிராமத்தையும் தந்தை பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்து, முதலில் அந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். பட்டியலின் தொகுப்பு குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் உள்ளது.

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் அவர் அங்கேயே தங்கிச் சொத்து வைத்திருந்தால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தின் வாரிசுச் சொத்துக் கோப்புகளில் இறப்பு அறிவிப்பு கிடைக்கக்கூடும். அதில் பெற்றோர், மனைவி, பிள்ளைகளின் பெயர்களும் இறந்த இடமும் இருக்கும். புதைத்த இடம் பொதுவாக இராது. கல்லறைக் கல் நாட்ட வசதியற்ற கூலிகள் பலர் தோட்டத்து ஓரங்களிலேயே அடக்கமானார்கள் என்பதால், கல்லைத் தேடுவதைவிட அவர் கடைசியாக வேலை பார்த்த தோட்டத்தைத் தேடுவதே பயன் தரும் என்பது என் கருத்து.