பிரிட்டிஷ் வரலாறு, பாட்டு, டிவி பற்றி நண்பர்களோடு மாறி மாறிக் கேட்டு விளையாட எந்த மாதிரிக் கேள்விகள் நன்றாக இருக்கும்?

இங்கிலாந்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், உடன் வேலை பார்ப்பவர்கள் பிரேக்கில் இப்படி ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு விளையாடுவதாகவும், தானும் சில கேள்விகளைக் கொண்டுபோக ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் எனக்கு அனுபவம் உண்டு என்பதால் பதில் எழுதுகிறேன்.

லெஸ்டரில் ஒரு பார்சல் கிடங்கில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். அங்கே ஆங்கிலேயப் பெரியவர் ஒருவரோடு ஆறு வருஷமாக இந்த விளையாட்டு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு கேள்வி. போனைத் தொடக் கூடாது. பதில் தெரியாவிட்டால் அடுத்த பிரேக் வரை யோசிக்கலாம். அப்போதும் வராவிட்டால் டீ போட வேண்டும். அவ்வளவுதான் விதி.

இது தொடங்கியது என் தேர்வுப் புத்தகத்தால். இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்பவர்கள் 'லைஃப் இன் தி யூகே' தேர்வு எழுத வேண்டும். 24 கேள்விகள், 45 நிமிஷம், 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதற்கான புத்தகத்தைக் கேன்டீனில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தவர், "எங்கே, என்னை ஒன்று கேளுங்கள் பார்ப்போம்" என்றார்.

அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் கறி சாப்பிடப் போகிறவர் என்பது கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். அதனால், "பிரிட்டனின் முதல் கறி உணவகம் எந்த வருஷம் திறந்தது?" என்று கேட்டேன். 1950 என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு 1930 என்று மாற்றிக்கொண்டார். சரியான பதில் 1810. பட்னாவில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்து, பிறகு கப்பலேறிய சேக் தீன் முகமது என்பவர் லண்டன் ஜார்ஜ் தெருவில் 'ஹிந்துஸ்தான் காபி ஹவுஸ்' என்று ஒன்றைத் திறந்தார். அப்போது வாட்டர்லூ யுத்தம் வர இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. விக்டோரியா ராணி பிறக்கவே ஒன்பது வருஷம் இருந்தது. கடை நீடிக்கவில்லை. மனிதர் அதோடு ஓய்ந்துவிடவும் இல்லை. பிரைட்டன் கடற்கரைக்குப் போய் எண்ணெய் தேய்த்து நீராவிக் குளியல் கொடுக்கும் நிலையம் வைத்தார். நான்காம் ஜார்ஜ் மன்னர்வரை அவரிடம் வந்தார்கள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பெரியவர் தேநீரைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

பிறகு தன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து ஸ்டாம்பைக் காட்டினார். "இதில் என்ன குறைகிறது, சொல்லுங்கள்." ராணியின் தலை இருந்தது, விலை இருந்தது. தினமும் தபால்களோடு புழங்குகிறவன் நான், எனக்குத் தெரியவில்லை. குறைவது நாட்டின் பெயர். உலகத்தில் ஒட்டும் ஸ்டாம்பை முதலில் வெளியிட்டது பிரிட்டன், 1840இல், பென்னி பிளாக் என்ற கறுப்பு ஸ்டாம்பு. அப்போது வேறு எந்த நாட்டிடமும் ஸ்டாம்பு இல்லாததால் பெயர் போடும் தேவை வரவில்லை. பின்னால் மற்ற நாடுகள் எல்லாம் பெயர் போட்டபோதும் பிரிட்டனுக்கு மட்டும் ஆட்சியிலிருப்பவரின் தலையே போதும் என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அப்படித்தான். அன்று டீ போட்டது நான்.

அந்த முதல் ராத்திரியிலேயே எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். எதிரில் இருப்பவருக்குப் பாதி தெரிந்த இடத்தில் கேளுங்கள். அவருக்குக் கறி தெரியும், எனக்கு ஸ்டாம்பு தெரியும். தெரிந்த பொருளின் தெரியாத பக்கத்தைத் திருப்பிக் காட்டும்போதுதான் கேள்வி இனிக்கிறது. ஆன் ராணி எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தார் என்று கேட்டால், தெரிந்தவர் 1702 என்பார், தெரியாதவர் உதட்டைப் பிதுக்குவார். அதற்கு மேல் அங்கே பேச ஒன்றும் இருக்காது.

எட்டாம் ஹென்றியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஆறு மனைவிகள் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். "விவாகரத்து, தலை போனது, இறந்தார், விவாகரத்து, தலை போனது, பிழைத்தார்" என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதனால் "ஆறு பேரில் கடைசியாக இறந்தவர் யார்?" என்று கேட்டால் எல்லோரும் அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேத்தரின் பார் என்பார்கள். ஹென்றி 1547இல் இறந்தார். கேத்தரின் பார் அடுத்த வருஷமே, 1548இல், பிரசவத்துக்குப் பின் இறந்துபோனார். கடைசிவரை இருந்தவர் நான்காவது மனைவி, கிளீவ்ஸ் நாட்டிலிருந்து வந்த ஆன்.

அவர் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1540 ஜனவரியில் கல்யாணம், ஜூலையில் ரத்து. மன்னருக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆன் எதிர்க்காமல் ஒப்புக்கொண்டார். அதற்குப் பதிலாக வீடுகள், நிலம், வருமானம், 'மன்னரின் சகோதரி' என்ற மரியாதை எல்லாம் வந்தன. தலையை இழந்த இரண்டாவது மனைவி ஆன் போலின் வளர்ந்த ஹீவர் கோட்டையும் இவர் கைக்கே வந்தது. 1553இல் முதலாம் மேரி முடிசூடிய ஊர்வலத்தில் இளவரசி எலிசபெத்தோடு ஒரே வண்டியில் போனார். 1557இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். ஹென்றியின் மனைவிகளில் அந்த இடம் கிடைத்தது இவர் ஒருவருக்குத்தான். விரட்டப்பட்டவள் என்று ஒரே சொல்லில் முடித்துவைத்த பெண், அத்தனை பேரையும் தாண்டி வாழ்ந்திருக்கிறாள். இப்படிப்பட்ட பதில் கையில் இருந்தால் தைரியமாகக் கேளுங்கள், கேட்டவர் உங்களை விடமாட்டார்.

வேலை இடத்தில் கேட்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கேள்வி இன்னொன்று உண்டு: "1752 செப்டம்பர் 5 அன்று லண்டனில் என்ன நடந்தது?" ஒன்றும் நடக்கவில்லை, அப்படி ஒரு நாளே கிடையாது. பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டுப் புதியதற்கு மாறியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை 14 என்று வைத்துக்கொண்டார்கள். நடுவில் 11 நாட்கள் காணாமல் போயின. சரி, இதற்கும் சம்பளச் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு முன்பு இங்கிலாந்தில் புது வருஷம் பிறந்ததே மார்ச் 25இல்தான், வரவு செலவுக் கணக்கும் அதை ஒட்டியே ஓடியது. விட்டுப்போன 11 நாட்களுக்கும் சேர்த்து வரி கேட்டால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? கணக்கை ஏப்ரல் 5க்குத் தள்ளினார்கள். பின்னர் இன்னொரு நாளும் சேர்ந்து ஏப்ரல் 6 ஆனது. இன்றும் பிரிட்டனில் வரி வருஷம் ஏப்ரல் 6இல்தான் தொடங்குகிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் சம்பளச் சீட்டு வாங்கிய பெரியவர், அந்தத் தேதி ஏன் அப்படி விநோதமாக இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை என்றார். அந்த வாரம் முழுக்கக் கிடங்கில் வருகிற போகிறவர்களிடமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு, டிவி பக்கம் வந்தால் நம்மைப் போல வந்தவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். அவர்கள் சிறுவயதில் பார்த்த தொடர்களை நாம் பார்த்ததில்லை. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து அதை ஈடுகட்ட முடியாது, முயலவும் வேண்டாம். இரண்டு பக்கமும் தெரிந்த ஆட்களிலிருந்து தொடங்குங்கள். மிஸ்டர் பீன் ஒரு நல்ல ஆரம்பம். கார்ட்டூனைச் சேர்க்காமல் மொத்தம் எத்தனை எபிசோடு என்று கேட்டால் ஐம்பது, நூறு என்று சொல்வார்கள். பதினைந்துதான். நான் இதைக் கேட்டபோது பெரியவர் உடனே பதிலுக்கு 'ஃபால்டி டவர்ஸ்' எத்தனை என்றார். அது பன்னிரண்டு. 1975இல் ஆறு, 1979இல் ஆறு. ஒரு தலைமுறையே வசனம் ஒப்பிக்கும் தொடர் அது!

அப்புறம் பீட்டில்ஸ் இசைக்குழு. அவர்கள் கடைசியாக வெளியிட்ட ஆல்பம் 1970இல் வந்த 'லெட் இட் பி'. அதில் பெரும்பகுதியை 1969 தொடக்கத்திலேயே பதிவு செய்துவிட்டார்கள். அதன் பிறகு உட்கார்ந்து உருவாக்கிய 'ஆபி ரோடு' முந்திக்கொண்டு 1969இலேயே வெளிவந்துவிட்டது. கேள்வியில் 'கடைசி ஆல்பம்' என்று மட்டும் போட்டால், கடைசியாக வெளியானதா, கடைசியாக உருவாக்கியதா என்று பெரிய சண்டையே வரும். அவர்களின் முதல் சிங்கிள் வெளியானதும் முதல் ஜேம்ஸ் பாண்ட் படம் லண்டனில் திரையிடப்பட்டதும் ஒரே நாள், 1962 அக்டோபர் 5.

நான் கேட்டதிலேயே எனக்கு அதிகப் பெருமை தந்தது ஒரு சங்கிலிக் கேள்வி. "வரலாற்றிலேயே மிகக் குறுகிய போருக்கும், ஒரே பதிவு இரண்டு முறை கிறிஸ்துமஸ் நம்பர் ஒன் ஆன பாட்டுக்கும் பொதுவான ஊர் எது?" போர் நடந்தது 1896 ஆகஸ்ட் 27இல். பிரிட்டிஷ் கப்பல்கள் சுல்தானின் அரண்மனையைச் சுட்டன, முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாட்டு 'பொஹீமியன் ராப்சடி'. 1975 கிறிஸ்துமஸில் ஒரு முறை, பாடியவர் இறந்த 1991இல் இன்னொரு முறை. ஊர் சான்சிபார். ஃபிரெடி மெர்குரி அங்கேதான் 1946இல் ஃபரோக் புல்சாராவாக ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில். பெரியவர் பாட்டையும் போரையும் தனித்தனியாகச் சரியாகச் சொல்லிவிட்டார். இரண்டையும் கட்ட அவருக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆனது. அதற்குப் பதிலாக அவர் கொடுத்தது: லண்டன் புரூக் தெருவில் ஒட்டி ஒட்டி இருக்கும் 23, 25ஆம் எண் வீடுகளில் இருநூறு வருஷ இடைவெளியில் வாழ்ந்த இரண்டு இசைக்காரர்கள் யார்? 25இல் ஹேண்டல், 23இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

இடமும் முக்கியம். கார் பார்க்கிங்குக்கு அடியில் கிடைத்த மன்னர் யார் என்ற கேள்வி பிரிட்டனின் மற்ற ஊர்களில் எடுபடும். லெஸ்டரில் அதைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூட்டை 2012இல் தோண்டி எடுத்த ஊரே இதுதான், 2015இல் இங்குள்ள கதீட்ரலில் மறுபடி அடக்கம் செய்ததை ஊரே நின்று பார்த்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். நம் ஊரில் இங்கிலாந்து, பிரிட்டன், யூகே மூன்றையும் 'இங்கிலாந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே அப்படிக் கேட்டால் ஸ்காட்லாந்துக்காரர் எழுந்துவிடுவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேர்ந்து கிரேட் பிரிட்டன் ஆனது 1707இல்தான். முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டதே இல்லை. அதனால் 1952இல் 'இரண்டாம் எலிசபெத்' பட்டத்துக்கு வந்தபோது, எங்களுக்கு இவர்தான் முதல் எலிசபெத் என்று அங்கே பலர் கோபப்பட்டார்கள். எடின்பரோவில் அவர் பெயரெழுத்தும் 'இரண்டு' என்ற எண்ணும் பொறித்து வைத்த புதுத் தபால் பெட்டியை 1953 பிப்ரவரியில் வெடி வைத்தே தகர்த்துவிட்டார்கள். அதன் பிறகு ஸ்காட்லாந்தின் பெட்டிகளில் அந்த எழுத்தையும் எண்ணையும் விட்டுவிட்டு ஸ்காட்டிஷ் கிரீடத்தை மட்டும் பொறித்தார்கள். இதையே ஒரு கேள்வியாக்கலாம்.

கேள்வி அமைப்புக்கு மாதிரி வேண்டுமென்றால், நம் ஊரில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யாக வந்த நிகழ்ச்சியின் பிரிட்டிஷ் மூலத்தைப் பாருங்கள். அங்கே முதன்முதலாகப் பத்து லட்சம் பவுண்டு வென்றவர் ஜூடித் கெப்பல், 2000 நவம்பரில். கடைசிக் கேள்வி: அக்விடேனின் எலினாரை மணந்த மன்னர் யார்? முதலாம் ஹென்றி, இரண்டாம் ஹென்றி, முதலாம் ரிச்சர்ட், ஐந்தாம் ஹென்றி என்று நான்கு பெயர்கள். ரிச்சர்ட் அவள் மகன் என்று தெரிந்தாலே பாதி வழி வந்துவிடலாம், மகனுக்கு முன்னால் ஆண்டவர் இரண்டாம் ஹென்றி. யோசித்து நடந்துபோய்ச் சேரக்கூடிய பதில் அது.

இன்று ராத்திரி எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது. 1966இல் இங்கிலாந்து கால்பந்து உலகக் கோப்பை வென்றபோது பெரியவருக்கு ஒன்பது வயது. போட்டிக்கு நான்கு மாதம் முன்பு அந்தக் கோப்பை திருடுபோனதும், தெற்கு லண்டனில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்ததை பிக்கிள்ஸ் என்ற நாய் கண்டுபிடித்ததும் அவருக்கு அத்துப்படி. நாயைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. கோப்பையை எந்தக் கண்காட்சியில் வைத்திருந்தபோது திருடினார்கள் என்று கேட்கப்போகிறேன். வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த ஸ்டாம்பு கண்காட்சி அது.