பானைக்குக் கூரை உண்டு, பிள்ளைக்கு?

கேள்வி: எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மழை நாளிலும் பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்துத்தான் சத்துணவு போடுகிறார்கள். வகுப்பறை அழுக்காகிவிடுமாம். பேத்தி சாரலில் நனைந்து வந்தாள் என்று மருமகள் பள்ளிக்குச் சண்டைக்குப் புறப்படுகிறாள். நாங்களெல்லாம் மரத்தடியில் நனைந்தபடி சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே! இதெல்லாம் ஒரு பிரச்சினையா?
- ஒரு தாத்தா, திருத்துறைப்பூண்டி

பதில்: ஐயா, நீங்கள் வளர்ந்தது சோற்றால். நனைந்ததால் அல்ல.

போன கார்த்திகையில் ஒரு பள்ளித் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காற்று திரும்பியதும் சாரல் நேராக உள்ளே வந்தது. ஓரத்தில் இருந்த சிறுமி முட்டையை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு, தெருப்பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். தட்டுக்கு அவள் முதுகுதான் கூரை. சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவ முற்றத்துக் குழாய்க்குக் கொட்டும் மழையில் ஓட வேண்டும். அதே ஈரப் பாவாடையோடு பிற்பகல் வகுப்பு முழுவதும் உட்கார வேண்டும். வாய்ப்பாடு எப்படி ஏறும்?

1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2022இல் காலை உணவும் வந்தது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் தட்டில் என்ன விழ வேண்டும் என்று பேசிய அளவுக்கு, தட்டை எங்கே வைப்பது என்று நாம் பேசவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், சமையலறை, குடிநீர், கழிப்பறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கும். சாப்பிடும் இடம் இருக்காது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டமும் சமைக்க வசதி கேட்கிறது, உண்ண இடம் கேட்கவில்லை.

அதே சமயம், வகுப்பறையில் சாப்பிடக் கூடாது என்றும் இந்த இரண்டு சட்டங்களும் சொல்லவில்லை. சோற்றுப் பருக்கையைக் கூட்டித் தள்ள ஒரு துடைப்பமும் கால் மணி நேரமும் போதும். வகுப்பறை போதாவிட்டால் இரண்டு பந்தியாகப் போடலாம். கல்யாண வீட்டில் செய்யாததா? (தாராள மனம் கொண்ட யாராவது கீற்றுக் கொட்டகை போட்டுத் தருகிறேன் என்று வந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2004இல் கும்பகோணத்தில் சமையலறைத் தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது.)

மழை விடுமுறை விட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். விடுமுறை நாளில் சத்துணவு கிடையாது. அன்று அப்பா அம்மாவுக்கும் வயல் வேலை இருக்காது.

மருமகளைத் தடுக்காதீர்கள். சண்டை மட்டும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கிறது, நேரம் போதும். நீங்களும் ஒருநாள் சாப்பாட்டு மணி அடிக்கும்போது போய், அந்தத் தாழ்வார ஓரத்தில் தட்டோடு உட்கார்ந்து பாருங்கள். குடை எடுத்துப் போக வேண்டாம். நனைந்து வளர்ந்தவர் ஆயிற்றே!