எத்தனை மூட்டை தூக்கினீர்கள்?

கேள்வி: நான் கொருக்குப்பேட்டைக்காரன், வயது 44. சிமெண்ட் கிடங்கில் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குச் சுமை தூக்கினேன், ஈ.எஸ்.ஐ. கிடையாது. 2025 பிப்ரவரியில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது முதுகில் சவ்வு விலகிவிட்டது. இழப்பீட்டு மனுவில் தினமும் 400 மூட்டை என்று சொல்லியிருந்தேன். குறுக்கு விசாரணையில் நான் பொய்யன் என்றார்கள். வழக்கு தோற்றுவிடுமா?

பதில்: அதனால் மட்டும் தோற்றுவிடாது. முதுகை ஒடித்துக்கொண்டு உழைத்தவரைப் பொய்யர் என்பது எனக்கே வலிக்கிறது.

ஆனால் அந்த 400ஐ விட்டுவிடுங்கள். என்ன தூக்கினோம், தலையிலா தோளிலா, குனிந்தோமா என்பதைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார்கள். எத்தனை தடவை, எத்தனை மணி நேரம் என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். வேலை மும்முரத்தில் யார் எண்ணுவார்கள்? வலி வந்தபின் நினைத்தால் பாரம் இன்னும் கூடித் தெரியலாம். இதை உங்கள் மனுவை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

எண்ணிக்கைக்குக் காகிதம் இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியிருந்தால், மேஸ்திரியின் கணக்கு நோட்டில் அது பதிவாகியிருக்கும். லாரியோடு வரும் சரக்குச் சலானில் லாரிக்கு 200 மூட்டை, இறக்கியவர்கள் நான்கு பேர் என்றால் உங்கள் பங்கு 50. மூட்டை 50 கிலோ. ஒரு லாரிக்கே நீங்கள் தூக்கியது இரண்டரை டன். இவற்றைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி உங்கள் வழக்கறிஞர் மனுப் போடட்டும். ஒப்பந்தக்காரர் கைவிரித்தால், உங்களுக்கு அடிபட்டபோது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி கிடங்கு முதலாளியையும் சேர்க்கலாம்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்திருந்தால், முதல் நாள் ஓ.பி. சீட்டைத் தேடி எடுங்கள். மடித்து மடித்து நைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. "மூட்டை தூக்கும்போது வலி" என்று அதில் ஒரு வரி இருந்தால், வழக்கு எண்ணமே வராத நேரத்தில் நீங்கள் சொன்ன வார்த்தை அது. அதை அசைப்பது கடினம்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் வழக்குக்குப் பொருந்தும் அந்த 1923ஆம் ஆண்டுச் சட்டம் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறது. இடது கையை இழந்த ஒரு தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை ஆகாது என்பதால் 100 சதவீத இழப்பு என 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. உங்கள் மருத்துவர் ஊனச் சதவீதம் மட்டும் எழுதியிருந்தால், இனி 50 கிலோ தூக்க முடியுமா என்பதையும் எழுதித் தரக் கேளுங்கள்.

எத்தனை மூட்டை என்று மறுபடி கேட்டால், "எண்ணவில்லை ஐயா, நோட்டில் இருக்கிறது" என்று சொல்லுங்கள்.