ஏன் நிறுத்தினார்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

2025 மே மாதத்துப் போர் நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ‘சென்னையில் உட்கார்ந்துகொண்டு போரை ரசிப்பது எளிது’ என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரி என்னைக் கோபப்படுத்தியது. கோபம் இன்னும் போகாததால்தான் எழுதுகிறேன்.

காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மதம் கேட்டுச் சுட்டார்கள். மே 7 காலை எழுந்து, நம் படை பாகிஸ்தானில் திருப்பி அடித்த செய்தியைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் எல்லோரும் கொடி போட்டோம். ஒருவர் மட்டும், ‘பொதுமக்கள் யாராவது இறந்தார்களா?’ என்று கேட்டார். மூன்றாவது மாடிக்காரர் உடனே அவரைத் தேசத்துரோகி என்றார். கேட்டவர் பெயர் அன்வர். நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர் குழுவில் எதுவும் எழுதுவதில்லை. நானும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

மே 10 மாலை போர்நிறுத்தம் என்று செய்தி வந்தது. பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த என் மகன், “கராச்சி போயிடுச்சுன்னு சொன்னாங்களேப்பா, அப்புறம் ஏன் நிறுத்துறாங்க?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

எல்லையில் வசிக்காதவனுக்கு நாட்டுப்பற்று இருக்கக் கூடாதா? எழுத்தாளர்கள் சமாதானம் பேசுவது சுலபமான வேலை இல்லையா? அந்தக் குழுவில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பேசாமல் வெளியேறிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

எஸ்.,
மடிப்பாக்கம்

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், சமாதானம் பேசுவது சுலபம். போர் கேட்பதும் அதே அளவுக்குச் சுலபம். நம் ஊரில் இரண்டையும் ஃபேன் காற்றில் உட்கார்ந்துதான் செய்கிறோம்.

மே 7 காலை நீங்கள் சந்தோஷப்பட்டதில் எனக்கு வழக்கு இல்லை. தாக்கப்பட்ட ஒன்பது இடங்களில் பஹவல்பூரும் முரித்கேயும் உண்டு. ஜெய்ஷ், லஷ்கர் என்ற பயங்கரவாத அமைப்புகளின் பெயர்களோடு பல வருடங்களாகச் சேர்த்துப் பேசப்படும் ஊர்கள் அவை. தன் மக்களைக் கொன்றவர்களை ஓர் அரசு திருப்பி அடிக்கவே கூடாது என்று நான் எங்கும் எழுதியதில்லை. அந்தக் கோபம் எனக்கும் இருந்தது.

எனக்கு இடிப்பது மே 10 மாலைதான். நீங்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்களே, ஏமாற்றம் என்று, அதுதான்.

அன்றைய நேரக் கணக்கைப் பாருங்கள். பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தான் தரப்பு ராணுவ அதிகாரி நம் அதிகாரியைத் தொலைபேசியில் அழைக்கிறார். மாலை 5 மணியிலிருந்து சுடுவதை நிறுத்துவது என்று முடிவாகிறது. அதே 5 மணிக்குத்தான் நம் ஊரில் முதல்வர் தலைமையில் டிஜிபி அலுவலகத்திலிருந்து போர் நினைவுச்சின்னம் வரை ராணுவத்துக்கு ஆதரவான பேரணி. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பேரணியை முன்பே அறிவித்துவிட்டார்கள், போர்நிறுத்தச் செய்தி வெளியே வந்தது 5 மணிக்குப் பிறகு. கூட்டத்தில் நடந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ராணுவத்துக்கு ஆதரவு சொல்லப் போனார்கள், சொன்னார்கள், திரும்பினார்கள். நான் பேசுவது செய்தி தெரிந்தபின் அதே இரவில் நடந்ததைப் பற்றி. போர்நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியைத் துரோகி என்று திட்டினார்கள். அவர் மகளையும் விடவில்லை. மனிதர் தன் எக்ஸ் கணக்கையே பூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. செய்தியை வாசித்த அதிகாரி அவர், அவ்வளவுதான்.

இதே நாட்களில் பூஞ்ச் எப்படி இருந்தது? ஜம்மு காஷ்மீரில், எல்லைக்கு அந்தப் பக்கத்து பீரங்கிகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் அது. மே 7 அன்று நாம் கொடி போட்டுக்கொண்டிருந்தபோது அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. முதல் நாளிலேயே பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அதில் இரட்டைப் பிள்ளைகள், பன்னிரண்டு வயது. குருத்வாரா ஒன்றிலும் குண்டு பட்டது. முடிந்தவர்கள் கிடைத்த வண்டியில் ஊரைக் காலி செய்தார்கள். அன்றிரவு சென்னையில் என்ன நடந்தது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். கொல்கத்தா ஈடன் கார்டனில் நம் சூப்பர் கிங்ஸ் ஆட்டம், எல்லோரும் டிவி முன்னால், இரண்டு விக்கெட்டில் ஜெயித்தோம். நானும்தான் பார்த்தேன். ஐ.பி.எல்லை நிறுத்தியதே மே 9 அன்றுதான்.

‘பொதுமக்கள் யாராவது இறந்தார்களா?’ என்று அன்வர் கேட்டாரே, அதற்கான பதில் நம் நாட்டுக்குள்ளேயே இருந்தது. இறந்தார்கள், பூஞ்சில். அவர் எந்த ஊரைக் குறித்துக் கேட்டார் என்றுகூட மூன்றாவது மாடிக்காரர் விசாரிக்கவில்லை பாருங்கள்.

நாட்டுப்பற்று எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் இல்லை, உங்களுக்கும் தாராளமாக உண்டு. ஆனால் போர் இன்னும் நான்கு நாள் நீண்டிருக்கலாமே என்று ஆசைப்படும்போது, அந்த நான்கு நாளும் யார் தலையில் விழும் என்ற கணக்கும் சேர்ந்து வர வேண்டும். அது மடிப்பாக்கத்தில் விழாது. மே 7 அன்று சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் ஒத்திகை நடந்தது. ஒத்திகையோடு முடிந்தது.

குண்டு இங்கேயும் விழலாம் என்று ஆனபோது இந்த ஊர் என்ன செய்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. முதல் உலகப் போரில் சென்னைமீது குண்டு போட்ட எம்டன் கப்பல் கதையை எல்லோரும் சொல்வார்கள், அதை விடுங்கள். 1942 ஏப்ரலைப் பார்ப்போம். 5ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அடுத்தது சென்னைதான் என்று பேச்சு பரவியது. அவசர வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று அரசே சொன்னது. எழும்பூர் ரயில் நிலையத்தில் இடமில்லாமல் கூட்டம். கும்பகோணத்தில், தஞ்சாவூரில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணைகள் நிரம்பின. அரசு அலுவலகங்களும் நீதிமன்றமும் கடலோரத்தை விட்டு வெளியூர்களுக்கு மாறின. சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்கில் அப்போது மிருகக்காட்சி சாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் புலியும் சிங்கமும் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்து போலீஸை வைத்து அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் கப்பல்கள் அந்த மாதமே திரும்பிப் போய்விட்டன, அப்போது சென்னையில் ஒரு குண்டும் விழவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் துறைமுகத்தில் குண்டு போட்டதோடு சரி.

நம் தாத்தா பாட்டிகளைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகுட்டியோடு ஊருக்குப் போனார்கள், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பூஞ்ச்காரர்களும் அதைத்தான் செய்தார்கள்.

வளசரவாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், துணி தைத்துக் கொடுப்பவர். அந்த வாரம் ஒரு சட்டையை வாங்கப் போயிருந்தேன். டிவியில் செய்தி வாசிப்பவர் பேசப் பேசப் பின்னால் அபாயச் சங்கு ஓலம் ஓடிக்கொண்டிருந்தது. (இந்தச் சங்குச் சத்தத்தை நிகழ்ச்சிகளில் போடாதீர்கள் என்று பிறகு உள்துறை அமைச்சகமே சேனல்களுக்கு எழுதியது.) அந்த அம்மா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார். “பொம்பர் வந்தா முதல்ல பங்கருக்குள்ள பாம்பு கிடக்கோ எண்டு டோர்ச் அடிச்சுப் பாக்கோணும் தம்பி. மழைக்காலமெண்டா முழங்கால் வரைக்கும் தண்ணி நிக்கும். பாத்துப்போட்டுத்தான் பிள்ளையள இறக்குவம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் பட்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் எனக்கு மற்றதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. 1995 ஜூலை 9, யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயம், இலங்கை விமானப்படை குண்டு போட்டது. அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2006 ஆகஸ்ட் 14, முல்லைத்தீவு மாவட்டத்துச் செஞ்சோலை வளாகம், அதே விமானப்படை. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள், பெரும்பாலும் பள்ளி மாணவிகள். அது பயங்கரவாதிகளின் பயிற்சி முகாம் என்று இலங்கை அரசு சொன்னது, அதை நம்பிச் சந்தோஷப்பட்டவர்களும் அங்கே இருந்திருப்பார்கள். நமக்கு வயிறு எரிந்தது. மேலேயிருந்து பார்த்துச் சொன்னதை அப்படியே நம்புகிறார்களே, கூரைக்குக் கீழே யார் இருந்தார்கள் என்று ஒருவருமே கேட்க மாட்டார்களா என்று ஆத்திரப்பட்டோம். இந்தியா செய்ததும் இலங்கை செய்ததும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, இதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கடிதம் எழுத வேண்டாம். நான் சொல்வது கேள்வியைப் பற்றி. அன்றைக்குச் சிங்கள வாசகர் ஒருவராவது கேட்டிருக்கலாமே என்று நாம் ஏங்கிய அதே கேள்வியைத்தான் உங்கள் குழுவில் அன்வர் கேட்டார்.

இன்னொன்று. மதம் கேட்டுச் சுட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மைதான். அந்த 26 பேரில் ஒருவர், சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போய்ச் செத்த உள்ளூர்க் குதிரைக்காரர். அவர் முஸ்லிம். அதே பஹல்காமில் கணவரைப் பறிகொடுத்த ஓர் இளம்பெண், காஷ்மீரிகள் மீதும் முஸ்லிம்கள் மீதும் வெறுப்பைக் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவரையும் இணையத்தில் கேவலமாகப் பேசினார்கள். துக்கம் அவருடையது, பழிவாங்கும் உரிமை மட்டும் எங்களுடையது என்றால் அது என்ன நியாயம்?

சரி, உங்கள் மகன் கேட்டதற்கு வருகிறேன். அவன் கேட்டதில் தப்பே இல்லை. மே 8 இரவு பல சேனல்கள் கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்றன. அப்படி எதுவும் நடக்கவில்லை. வீடியோ கேம் காட்சிகளைப் போர்க் காட்சிகள் என்று இரண்டு நாட்டிலும் பரப்பினார்கள். முக்கால்வாசி ஜெயித்தாகிவிட்டது என்று நம்பவைக்கப்பட்ட பையன் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கத்தான் செய்வான். கராச்சி போகவில்லை, சேனல் பொய் சொன்னது என்று முதலில் சொல்லுங்கள். சமாதானம், மனிதநேயம் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள், பதினைந்து வயதுப் பையன் எழுந்து போய்விடுவான். இரண்டு நாட்டிடமும் அணுகுண்டு இருக்கிறது, மே 7க்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அடி ஒரு படி ஏறியது, 10ஆம் தேதிக்குள் விமானப்படைத் தளங்கள் வரை வந்துவிட்டது, அடுத்த படி என்ன என்று யோசிக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார்கள் என்று சொல்லுங்கள். பத்தாவது எழுதியவனுக்குப் புரியும்.

குழுவில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ‘அவர் கேட்டதில் என்ன தப்பு?’ என்ற ஒரு வரி போதும். அன்றைக்கு விட்டுவிட்டீர்கள், பரவாயில்லை. அன்வர் எந்த மாடி என்று தெரியாது, லிஃப்டில் பார்த்தால் பேசுங்கள். அதைக் குழுவில் செய்வதைவிட நேரில் செய்வது மேல்.

வெளியேறிவிடலாமா என்றால், வேண்டாம். தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அதே குழுவில்தானே போடுகிறார்கள்.