விளக்கை அணைத்ததும் மறைகிற பச்சை

கேள்வி: ஒரு கனிமக் காட்சியில் புற ஊதா விளக்கின் கீழே ஆண்டர்சோனைட் என்று பெயர் எழுதிய ஒரு துண்டு கண்ணைப் பறிக்கிற பச்சையில் ஒளிர்ந்தது. யுரேனியக் கனிமம் என்றார்கள். அந்தப் பச்சை வெளிச்சம்தான் கதிரியக்கமா?

பதில்: இல்லை. விளக்கை அணைத்ததும் என்ன ஆனது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள், அந்தப் பச்சையும் அப்போதே மறைந்திருக்கும். கதிரியக்கம் எந்த சுவிட்சுக்கும் கட்டுப்படாது. இயற்கை யுரேனியத்தில் பெரும்பங்கான யுரேனியம்-238 பாதியாகக் குறையவே சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும், அது பாட்டுக்குச் சிதைந்துகொண்டேதான் இருக்கும். அந்தத் துண்டின் பக்கத்தில் கதிரியக்கத்தைச் சத்தமாகக் காட்டும் ஒரு கெய்கர் கருவியை வைத்தால் விளக்கு எரிந்தாலும் சரி, அணைந்தாலும் சரி, டிக் டிக் சத்தம் ஒரே மாதிரி கேட்கும்.

நீங்கள் மட்டும் இல்லை, கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சு இயற்பியலாளர் ஹென்றி பெக்கரலே முதலில் இப்படித்தான் நினைத்தார். 1896-இல் பாரிசில், வெயிலில் வைத்த யுரேனிய உப்பு ஒளிரும்போதே ஊடுருவும் கதிர்களையும் விடுகிறது என்பது அவர் கணிப்பு. வானம் மேகமூட்டமாக இருந்ததால் உப்பையும் புகைப்படத் தகட்டையும் சேர்த்து இழுப்பறைக்குள் போட்டுவைத்தார், சில நாள் கழித்துத் தகட்டைக் கழுவிப் பார்த்தால் வெயிலே படாமல் அழுத்தமான கறுப்புத் தடம் பதிந்திருந்தது. ஒளிர்வு வேறு, கதிர் வேறு என்று பிரிந்தது அங்கேதான்.

சரி, பச்சை எங்கிருந்து வருகிறது? ஒரு யுரேனியம் அணு நடுவில், இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆக்சிஜன், மூன்றும் ஒரே நேர்கோட்டில். இதற்கு யுரேனைல் அயனி என்று பெயர். புற ஊதா ஒளி பட்டதும் இதிலுள்ள எலக்ட்ரான் மேலே தாவுகிறது, இறங்கி வரும்போது வாங்கிய ஆற்றலில் கொஞ்சத்தை அதிர்விலும் வெப்பத்திலும் விட்டுவிட்டு மீதியைப் பச்சை ஒளியாகத் தருகிறது. அந்த ஒளியை நிறங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு சின்ன நிறமாலைக் கருவி வழியாகப் பார்த்தால் ஒரே பச்சைப் பட்டையாக இருக்காது, ஏறத்தாழ சம இடைவெளியில் படிக்கட்டு மாதிரி வரிசையாகச் சில பட்டைகள் தெரியும். யுரேனியமும் ஆக்சிஜனும் நெருங்கி விலகி அதிர்வதுதான் அந்தப் படிகள். வாய்ப்புக் கிடைத்தால் இதைத் தவறவிடாதீர்கள், ஒரு மூலக்கூறு அதிர்வதைக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட நெருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அப்படியானால் எல்லா யுரேனியக் கனிமமும் ஒளிரத்தானே வேண்டும்?

பதில்: ஒளிராது. யுரேனியத் தாதுக்களில் முக்கியமான யுரேனினைட் கன்னங்கறுப்பு, விளக்கைக் காட்டினாலும் சும்மா கிடக்கும், ஏனென்றால் அதில் யுரேனியம் பெரும்பாலும் யுரேனைல் வடிவத்தில் இல்லை. யுரேனைல் இருந்தும் ஒளிராதவை உண்டு. ஆட்டுனைட்டும் டோர்பெர்னைட்டும் பங்காளிகள் மாதிரி, இரண்டும் யுரேனைல் பாஸ்பேட்தான். முன்னதில் கால்சியம், அது மஞ்சள் கலந்த பச்சையில் ஜொலிக்கும். பின்னதில் தாமிரம், எலக்ட்ரானின் ஆற்றலை ஒளியாக வெளியே விடாமல் தாமிரமே விழுங்கிவிடும். ஆகவே ஒளிரவில்லை என்பதால் ஒரு கல்லில் யுரேனியம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: ஆண்டர்சோனைட் ஏன் அரிது? வாங்கினால் கழுவி வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து கழுவாதீர்கள், கரைந்துவிடும்! அது அரிதாக இருப்பதற்கும் இதுதான் காரணம். சோடியம், கால்சியம், யுரேனைல், கார்பனேட், அப்புறம் படிகத்துக்குள்ளேயே பிடித்துவைத்த நீர், இவ்வளவும் சேர்ந்ததுதான் ஆண்டர்சோனைட். கார்பனேட் கலந்த நிலத்தடி நீர் பாறையிலிருந்து யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு வரும், அந்த நீர் சுரங்கச் சுவரில் கசிந்து காய்கிற இடத்தில், பழைய சுவரில் உப்புப் பூப்பது போல, இது பூக்கும். மறுபடி நனைந்தால் போயிற்று. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹில்சைட் சுரங்கத்தில் கிடைத்ததைத்தான் 1951-இல் புதிய கனிமமாக விவரித்தார்கள், சார்லஸ் ஆண்டர்சன் என்ற நிலவியலாளரின் பெயரை வைத்தார்கள்.

பகல் வெளிச்சத்தில் வெளிர் மஞ்சள் பச்சையில் சின்னச் சின்ன மணிகளாகவோ பொருக்காகவோதான் இருக்கும். நகத்தால் சுரண்டினாலே சேதமாகிற அளவுக்கு மென்மை, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யுரேனியம். இந்த இரண்டும் சேர்வதுதான் கவலை தருவது. யுரேனியம் விடுகிற ஆல்பா கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும், ஆனால் தூள் மூச்சோடு உள்ளே போனால் தடுக்க எதுவும் இல்லை.

அதனால் மூடிய சின்னப் பெட்டியில் வையுங்கள், பெட்டியோடே விளக்கைக் காட்டிப் பாருங்கள். படுக்கையறையிலும் குழந்தைகளுக்கு எட்டுகிற இடத்திலும் வேண்டாம். தொட நேர்ந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாங்குவதற்கு முன்னால் உங்கள் நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள், யுரேனியம் என்றாலே பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு.