அமெரிக்காவின் ‘ஃப்யூஷன் சென்டர்’ என்பது என்ன, எதற்காக?

உள்ளூர் போலீஸ், மாநில அரசு, எஃப்பிஐ (மத்தியப் புலனாய்வு அமைப்பு), தீயணைப்புத் துறை என ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கும் தகவலை ஒரே மேசையில் சேர்த்துப் பார்க்கும் அலுவலகம்தான் இது. அமெரிக்கா முழுக்க சுமார் 80 இருக்கின்றன.

ஏன் தேவைப்பட்டது? 2001 ஏப்ரல் 1 அன்று ஓக்லஹோமா நெடுஞ்சாலையில் வேகமாக வந்த காரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். ஓட்டியவர் நவாஃப் அல்-ஹஸ்மி. அவரைப் பற்றி வெளிநாட்டு உளவு அமைப்பான சிஐஏவுக்கு 2000 ஜனவரியிலேயே தெரியும். சாலையில் நின்ற போலீஸ்காரருக்குத் தெரியாது. அபராதச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார். செப்டம்பர் 11 அன்று ராணுவத் தலைமையகமான பென்டகனில் மோதிய விமானத்தைக் கடத்தியவர்களில் அவரும் ஒருவர். நினைத்தாலே மனசு பதறுகிறது.

ஓர் உதாரணம்: பாட்டி மூட்டு வலிக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர் என்று பார்க்கிறார். ஒவ்வொரு சீட்டும் தனியாகச் சரிதான். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மருந்துக்கடைக்காரர்தான் எது எதோடு ஒத்துப்போகாது என்று கண்டுபிடிப்பார். ஃப்யூஷன் சென்டரும் அந்த மருந்துக்கடைக்காரர் மாதிரிதான்.

அப்புறம், தகவல் குவியும் இடத்தில் அப்பாவிகளின் விவரமும் சிக்கும். 2012இல் செனட் துணைக்குழு ஒன்று இவற்றைக் கடுமையாக விமர்சித்தது. இந்த அலுவலகங்கள் மேலும் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும்.

பலரும் இவற்றை எஃப்பிஐயின் கிளைகள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மாநில, நகர நிர்வாகங்கள்தான் நடத்துகின்றன.