வார்டின் பழனி மலைக் குறிப்புகளை எந்தப் பெயரில் கேட்பது?

வணக்கம் நண்பரே. 1821-ல் பழனி மலையை அளந்த லெப்டினன்ட் வார்டின் குறிப்புகளைத் தேடி மதுரையிலிருந்து எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை போய், ‘திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல்’ என்று கேட்டு வெறுங்கையோடு திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பெயர்களில் கேட்டால் கிடைப்பது கஷ்டம்தான். திண்டுக்கல் தனி மாவட்டமானதே 1985-ல். அதற்கு முன் எல்லாம் மதுரைக் கணக்கு. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டியது 1845-ல்; வார்டு வெள்ளகவி கிராமம் வழியாக ஏறியபோது கோடைவாசஸ்தலம் என்ற பேச்சே கிடையாது. அதனால் மதுரா (Madura, மதுரையின் பழைய ஆங்கில எழுத்து) மாவட்டப் பதிவுகள் என்று கேளுங்கள். மலையை ‘புல்னி’, ‘வராககிரி’ என்றும் தேடுங்கள்.

வருவாய்க் கடிதங்களில் பசலி ஆண்டு, அதாவது வருவாய்க் கணக்குக்கான ஆண்டு, இருந்தால் மிரள வேண்டாம். அதோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். பசலி 1231 என்பது 1821 ஜூலையில் தொடங்குகிறது. ஜனவரி முதல் ஜூன் வரையிலான மாதமென்றால் 591 கூட்ட வேண்டும்.

பழைய தாளில் பின்பக்க மை ஊறித் தெரிந்தால், அனுமதி கேட்டு அடியில் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள், எழுத்து சற்றுத் தெளியும். பேனா வேண்டாம், பென்சில் போதும்.

அப்புறம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஆவணங்கள் ஏராளம். மறுபடி ரயில் ஏறுவதற்கு முன் அந்த நூலகத்தின் ஆவண அட்டவணையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.